எட்டுச் சாவிக்காரர் வீடற்றவராக முயன்றது

தென்காசிப் பக்கத்தில் அரசாங்கம் நேரில் வந்து ஆராய வேண்டிய எந்தப் பிரச்சினையும் சாரல் விழும்போதுதான் ஆராயத் தக்கதாக முற்றும். வறட்சியைப் பார்வையிடும் குழு குடை பிடித்துக்கொண்டு வரும். வெயிலின் கொடுமையை அளக்க வருகிறவர்கள் ஸ்வெட்டர் போட்டிருப்பார்கள். பங்குனியில் மக்கள் படும் பாடு யார் கண்ணிலும் படாது. ஆனி பிறந்து, பேரருவியில் தண்ணீர் கொட்டுகிற படம் டி.வி.யில் வந்துவிட்டால், அதே பாடு சென்னையில் இருப்பவர்களுக்குத் தாங்க முடியாமல் போய்விடும்.

அப்படியொரு ஆனியில்தான், குற்றாலத்தில் வீடில்லாதவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுவதற்காகத் தனி அலுவலர் திரு. தாணுமாலயன் அவர்கள், தம் குடும்பத்தோடும் மைத்துனர் குடும்பத்தோடும் வந்து இறங்கினார்.

இதைக் கேட்டுச் சுடலைமணி சந்தோஷப்பட்ட அளவுக்கு ஊரில் யாரும் சந்தோஷப்படவில்லை. அவர் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். இலத்தூர்க் குளத்தங்கரையில் இருந்த குடிசை, ரோட்டை அகலப்படுத்தியபோது ரோட்டுக்குள் போய்விட்டது. அதிலிருந்து அவரும் மனைவி உலகம்மாளும் தென்காசி ரோட்டில் ஒரு பழைய பஸ் நிறுத்தத்தில் குடியிருந்தார்கள். மூன்று பக்கம் சுவர். நாலாவது பக்கம் மழை. ஐப்பசி ஈரம் பட்டால் உலகம்மாளுக்கு மூச்சு இழுக்கும். போன ஐப்பசியில் அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். டாக்டர், ஈரமில்லாத இடத்தில் படுக்க வைக்கும்படி சீட்டு எழுதினார். அது எந்தக் கடையில் கிடைக்கும் என்று எழுதவில்லை.

ஊருக்கு வெளியே, வீடில்லாதவர்களுக்கென்று ஒற்றை அறை வீடுகளை வரிசையாகக் கட்டிப் பூட்டி வைத்திருந்தார்கள். கணக்கெடுப்பில் பெயர் வந்தால் ஒரு வீடு. சுடலைமணிக்கு அதில் ஒன்று வேண்டும். அடுத்த ஐப்பசிக்குள் வேண்டும்.

ஆனால் குற்றாலத்துக்கென்று ஒரு வழக்கம் இருக்கிறது. சீசன் வந்தால் வீட்டுக்காரர்கள் தங்கள் வீட்டை அருவிக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டுவிடுவார்கள். காரைத் தெருவில் நிறுத்திவிட்டு, குடும்பம் பாய் தலையணையோடு கார் ஷெட்டுக்குள் போய்விடும். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை மாடிப்படிக்குக் கீழே படுக்க வைப்பார்கள். பால்வண்ணநாதன் அண்ணாச்சியின் எட்டு அறை வீட்டு மாடிப்படிக்குக் கீழே, வருஷா வருஷம் சுடலைமணியும் உலகம்மாளும்தான். எட்டுச் சாவியும் அவர் இடுப்பில் தொங்கும்.

வீடற்றோரை இரவில் எண்ண வேண்டும் என்பது விதி. ஆனால் இரவில் தாணுமாலயனின் மைத்துனருக்குத் துணை வேண்டியிருந்தது. எனவே, "ஊர் உறங்கும் நேரமே இரவு எனக் கொள்ளப்படும்" என்று ஒரு விளக்கம் பெறப்பட்டது. குற்றாலத்தில் ஊர் உறங்குவது, அருவியில் குளித்துவிட்டுப் பிரியாணி சாப்பிட்ட பிறகு. ஆகவே மத்தியானம் மூன்று மணிக்கு இரவுக் கணக்கெடுப்பு தொடங்கியது. கையில் டேப்லெட்டோடு உதவியாளர் ஜெயசித்ரா பின்னால் வந்தாள்.

மாடிப்படிக்குக் கீழே சுடலைமணி எழுந்து நின்றார்.

"இது யார் வீடு?"

"அண்ணாச்சி வீடு சார். அவுக கார் ஷெட்டுல படுத்திருக்காவ."

"நீங்கள் எங்கே படுத்திருக்கிறீர்கள்?"

"இந்தா, இங்கனதான்."

"உள்ளே?"

"ஆமா."

"சாவி?"

சுடலைமணி இடுப்பிலிருந்து கொத்தை எடுத்துக் காட்டினார். காட்டியிருக்கக் கூடாது.

"அறைகள் எத்தனை?"

"எட்டு, சார். மேல கேரளாக்காரங்க இருக்காங்க. கீழ மதுரைக்காரங்க."

"சொந்தக்காரர்களா?"

"யாருன்னே தெரியாது."

"யாரென்றே தெரியாதவர்களை வைத்து உபசரிக்கிறார்," என்று தாணுமாலயன் ஜெயசித்ராவிடம் சொன்னார். "வசதியுள்ள குடும்பம். போட்டுக்கொள், அம்மா."

உலகம்மாள் முன்னால் வந்தாள். "சார், நாங்க பஸ் ஸ்டாப்புலதான் கெடக்கோம். எனக்கு நெஞ்சுல ஈரம் பிடிச்சா மூச்சு வரமாட்டேங்கு."

"இப்போது எங்கே இருக்கிறீர்கள்?"

"இப்போ இங்கன."

"கணக்கெடுப்பு இப்போதைய நிலையைத்தான் பார்க்கும், அம்மா. முன்பு, பிறகு என்பவற்றுக்கு இதில் கட்டம் இல்லை."

"அப்போ சீசன் முடிஞ்ச பொறவு ஒருக்கா வந்து பாருங்களேன்."

தாணுமாலயனுக்கு அந்த யோசனை விளங்கவே இல்லை. "சீசன் முடிந்த பிறகு இங்கே எதற்கு வருவது?" என்று உண்மையாகவே கேட்டார்.

அடுத்தது கார் ஷெட். பால்வண்ணநாதன் பனியனோடு பாயில் படுத்திருந்தார். அவர் மனைவி லோகநாயகி, பழைய டயருக்குப் பக்கத்தில் அடுப்பு வைத்து ரசம் தாளித்துக்கொண்டிருந்தாள்.

"கதவு இல்லை, பூட்டு இல்லை, குளியலறை இல்லை," என்று ஜெயசித்ரா ஒவ்வொன்றாகத் தட்டினாள். "வீடற்றவர், சார்."

"யாருவே வீடத்தவன்?" பால்வண்ணநாதன் துள்ளி எழுந்தார். "மூணு தலைமுறையா வீடும் வயலுமா இருக்கோம். என்னைப் பாத்தா சொல்லுதீரு?"

லோகநாயகி கரண்டியைக் கீழே வைத்தாள். "சார், அப்படி எழுதினா என்ன கிடைக்கும்?"

"ஒரு வீடு."

பால்வண்ணநாதன் திரும்பவும் பாயில் உட்கார்ந்தார்.

"எழுதிக்கிடுங்க," என்றார் பால்வண்ணநாதன், குரல் கம்ம. "கஷ்டந்தான். வெளிய சொல்லிக்கிடுதது இல்லை." போட்டோ எடுக்கும்போது லோகநாயகி சங்கிலியைச் சேலைக்குள் தள்ளிக்கொண்டாள்.

விஷயம் தெருவில் பரவியது. ஒவ்வொரு ஷெட்டிலும் ஒரு குடும்பம் மெலிந்து காத்திருந்தது. வேனில் தூங்கிய வெளியூர்க்காரர்கள் 'சக்கரமுள்ள வீடுடையோர்' ஆனார்கள். மாடிப்படிக்குக் கீழே கிடந்தவர்கள் எல்லாரும் மாடி வீட்டுக்காரர்கள் ஆனார்கள். பிறகு வெளியான அறிக்கையில், 'குற்றாலத்தின் வீடற்றோரில் பெரும்பாலோர் கார் வைத்திருக்கின்றனர். எனவே இது வறுமையால் விளைந்த பிரச்சினை அன்று, வாகன நிறுத்துமிடப் பிரச்சினையே' என்ற அரிய கண்டுபிடிப்பு இருந்தது. அதற்காகத் தாணுமாலயனுக்கு ஒரு கேடயம் கிடைத்தது.

ஆவணியில் வீடுகள் வழங்கப்பட்டன. பால்வண்ணநாதன் மேடையில் கண்ணைத் துடைத்துக்கொண்டே சாவி வாங்கினார். சீசனும் முடிந்தது. வழக்கம்போல அவர் தம் வீட்டுக்குள் போக, சுடலைமணி பஸ் நிறுத்தத்துக்கு வந்தார். ஐப்பசி பிறந்தது. உலகம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, படுக்க முடியாமல் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். சுடலைமணி அண்ணாச்சியைத் தேடிப் போனார்.

"அண்ணாச்சி, அந்தப் புது வீடு சும்மாதான பூட்டிக் கெடக்கு. மழை விடுத மட்டுக்கும் அவளை அங்கன படுக்க வச்சிக்கிடட்டா?"

பால்வண்ணநாதன் நல்ல மனிதர். நிஜமாகவே வருத்தப்பட்டார். "எலே சுடலை, உனக்குத் தராம யாருக்குத் தரப்போறேன்? ஆனா அது அரசாங்கம் வீடில்லாதவனுக்குக் குடுத்த வீடு. நீ கணக்குல எட்டு ரூம்புக்காரன். உன்னைய அதுல வச்சா சட்டப்படி தப்புல்லா?"

"அப்போ அது யாருக்கு அண்ணாச்சி?"

"சீசனுக்கு விடலாம்னு இருக்கேன். நீதான் அதையும் பாத்துக்கிடணும். ஒம்பதாவது சாவி."

அந்த ஐப்பசியையும் கார்த்திகையையும் உலகம்மாள் ஆஸ்பத்திரி வராண்டாவிலும் பஸ் நிறுத்தத்திலுமாகக் கழித்தாள். பிழைத்தாள். திரும்பவும் ஆனி வந்தது. தாணுமாலயனும் வந்தார். இந்தத் தடவை சுடலைமணி ஏமாறத் தயாராக இல்லை. முதல் நாளே சாவிக்கொத்தை அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டார்.

"சீசன் நேரத்துல இப்படிப் பண்ணுதியே," என்று அண்ணாச்சி திட்டிவிட்டு, கடையத்து இசக்கிதுரையை மாடிப்படிக்குக் கீழே படுக்க வைத்தார். சீசன் கூலி போனது, காய்ந்த இடம் போனது. சுடலைமணியும் உலகம்மாளும் சாரலில் நனைந்தபடி, யார் பார்த்தாலும் சந்தேகம் வராத வீடற்றவர்களாக பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

மத்தியானம், அதாவது இரவு, ஜீப் வந்து நின்றது.

"சார், எழுதிக்கிடுங்க. சாவி இல்லை, கதவு இல்லை. இடுப்பைத் தடவிப் பாருங்க."

ஜெயசித்ரா டேப்லெட்டைத் தட்டினாள். "எட்டு அறை வீடு என்று காட்டுகிறது, சார்."

"இந்த ஆண்டு எடுப்பது அந்தக் கணக்கு இல்லை," என்றார் தாணுமாலயன் அன்போடு. "வீடற்றோர் எல்லாருக்கும் போன ஆண்டே வீடு கொடுத்தாகிவிட்டது. இப்போது எடுப்பது, வீடற்றோர் இல்லை என்று உறுதி செய்யும் கணக்கு. இதில் நீங்கள் வர முடியாது."

"அப்போ நாங்க யாரு சார்?"

தாணுமாலயன் யோசித்தார். வீடுள்ளவர்கள், வீட்டில் இல்லை, குற்றாலத்தில் சாரலில் நனைந்துகொண்டிருக்கிறார்கள்.

"சுற்றுலாப் பயணிகள்," என்றார்.

கணக்கு திருப்தியாக முடிந்தது. ஆடியில் அந்த பஸ் நிறுத்தத்தை இடித்துவிட்டு, அந்த இடத்தில் ஆள் உயர எழுத்துகளில் ஒரு பலகை வைத்தார்கள். இப்போதெல்லாம் எந்த ஊருக்கும் அப்படியொரு பலகை இல்லாவிட்டால் ஊர் என்றே மதிப்பில்லை. பக்கத்தில் ஒரு சிவப்பு இதயம், உள்ளே விளக்கு. 'வீடற்றோர் இல்லாத குற்றாலம்' என்று அது மின்னியது.

பலகையின் பின்பக்கம் நல்ல தகரம், எழுத்துகளுக்கு நடுவில் மட்டும் இடைவெளி. சுடலைமணி அதில் ஒரு தார்ப்பாயைக் கட்டி உலகம்மாளைப் படுக்க வைத்தார். பஸ் நிறுத்தத்தை விட ஒரு சுவர் அல்ல, இரண்டு சுவர் குறைவு. ஆனாலும் இதயத்தில் விளக்கு எரியும்போது முதுகுக்குக் கொஞ்சம் சூடாக இருந்தது. "இதுக்காவது இந்தப் பலகையை வச்ச மகராசன் நல்லாருக்கட்டும்," என்றாள் உலகம்மாள்.

சீசன் கூட்டம் அருவியில் குளித்துவிட்டு நேரே பலகைக்கு வந்தது. அண்ணாச்சியின் ஒற்றை அறை வீட்டில், 'இவ்வளவு மலிவாக வேறெங்கும் கிடைக்காது' என்று தங்கியவர்களும் வந்தார்கள். ஒரு பையைத் தரையில் வைத்துவிட்டு, ஒரு பெண் போனை உயர்த்திப் பார்த்து முகம் சுளித்தாள்.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. எழுத்துக்கு நடுவுல உங்க தலை தெரியுது. கொஞ்சம் அந்தப் பக்கம் போறீங்களா?"

உலகம்மாள் தார்ப்பாயை விட்டு எழுந்து, இருமிக்கொண்டே மழைக்குள் நாலு எட்டு நகர்ந்து நின்றாள். படம் நன்றாக வந்தது. அவர்கள் போனதும் அடுத்த குடும்பம் வந்தது. அவள் திரும்பவும் நகர்ந்தாள்.

பலகையில் எழுதியிருப்பது பொய் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அத்தனை படங்கள் எடுத்திருக்கிறார்கள். ஒன்றில்கூட வீடற்றவர் இல்லை. போன சாரலுக்குக் குற்றாலம் போயிருந்தால், உங்கள் போனிலும் ஒன்று இருக்கும். எடுத்துப் பாருங்கள்.