சனிக்கிழமைதோறும் கடைசி ரயில்

நமிசாகி நகரப் பொதுமக்களின் மேலான கவனத்திற்கு நகராட்சியிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. ஒசாகா வரை போகும் 'இசோஷிகி' விரைவு ரயில் அந்த இலையுதிர் காலத்தோடு நிறுத்தப்படும் என்பதுதான் சாரம். ஆனால் நிறுத்துகிறோம் என்று அதில் ஓரிடத்திலும் சொல்லவில்லை. "நீண்டகாலச் சேவையிலிருந்து ரயிலுக்கு ஓய்வளித்துக் கௌரவிக்கிறோம்" என்று இருந்தது. படித்தவர்களில் பாதிப் பேர் ரயிலுக்கு ஏதோ விருது கிடைத்துவிட்டது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டார்கள்.

அந்த முடிவு ஒன்றும் யோசிக்காமல் எடுத்ததல்ல. ரயில், விமானம், பஸ் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நிபுணர் குழுவே அமைத்திருந்தார்கள். நிபுணர்கள் அவரவர் காரில் வந்தார்கள். காரை நிறுத்த இடம் போதாததால் நிலையத்து வாசலில் இருந்த சைக்கிள் கொட்டகையை இடித்து இடம் பண்ணிக் கொடுத்தோம். குழுவின் தீர்ப்பு இதுதான்: விமானம் வேகமானது, பஸ் மலிவானது. ரயிலோ விமானத்தைவிட மெதுவானது, பஸ்ஸைவிடக் கட்டணம் அதிகமானது. ஆக, இரண்டு குற்றமும் ரயில் மேல் நிரூபணமாகிவிட்டது. அதே ரயில் விமானத்தைவிட மலிவு, பஸ்ஸைவிட வேகம் என்பதும் உண்மைதான். ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கும்படி குழுவை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

நான் நிலையத்துக்கு எதிரே நண்டுச்சோறு பெட்டியில் கட்டி விற்கிறவன். ரயில் போனால் என் பிழைப்பும் போகும் என்பதால் விளக்கக் கூட்டத்துக்கு முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். போக்குவரத்துப் பிரிவுத் தலைவர் சுகிதா மேடையேறி, தரையில் நெற்றி படாத குறையாகக் குனிந்து வணங்கினார். எங்கள் ஊர் அதிகாரி அவ்வளவு குனிந்தால் விஷயம் ஏற்கெனவே முடிந்துவிட்டது என்று அர்த்தம். சலவைக்கடை நுகதா மட்டும் எழுந்து நின்றார்.

நுகதாவின் மனைவி ஃபுமியே ஒசாகா ஆஸ்பத்திரியில் இருந்தாள். பக்கவாதம் வந்து வலது கால் இழுத்துவிட்டது. சனிக்கிழமைதோறும் இவர் இசோஷிகியில் போவார். சீமைப் பனிச்சைப் பழம் தோல் சீவிக் கொடுப்பார், பிறகு கையைப் பிடித்து வராந்தாவில் நடத்துவார். நர்ஸ்கள் பிடித்தால் அவள் ஓர் அடி எடுத்து வைக்க மாட்டாள். இவர் பிடித்தால்தான் நடப்பாள். நடப்பதை விட்டுவிட்டால் கால் அப்படியே நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"இனி நான் எப்படிங்க போறது?" என்று கேட்டார் நுகதா.

"விமானம் இருக்குதுங்களே, நுகதா சான்" என்றார் சுகிதா, பெயரோடு மரியாதைக்கு 'சான்' சேர்த்து.

"காதுல ஆபரேஷன் ஆனவன். விமானத்துல ஏறவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"அப்ப பஸ்ஸு."

"மலைப்பாதையில மூணு வளைவு தாண்டுறதுக்குள்ள குடல் வாய்க்கு வந்துடும். என்னைப் பாத்தாலே டிரைவர் கதவை மூடிடறாரு."

"சொந்தக் கார்ல போகலாமே?"

"லைசென்சைத் திருப்பிக் குடுத்துட்டேனே! நீங்கதான வீடு வீடா வந்து கேட்டீங்க? வயசானவங்க கார் ஓட்ட வேணாம், நமக்குத்தான் ரயில் இருக்கேன்னு சொன்னீங்க. மேயர் கையால பாராட்டுப் பத்திரம் வேற குடுத்தீங்க."

சுகிதா மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டார். "அது முதியோர் பாதுகாப்புப் பிரிவுங்க. நான் போக்குவரத்துப் பிரிவு."

"வந்தது நீங்கதானய்யா!"

"அப்ப நான் அந்தப் பிரிவுல இருந்தேன். வசந்த காலத்துல மாத்திட்டாங்க."

கூட்டம் கைதட்டலோடு முடிந்தது.

கடைசி ஓட்டத்தன்று ஊர் கொள்ளவில்லை. முக்காலியும் கேமராவுமாக நாடெங்கிலுமிருந்து வந்துவிட்டார்கள். சாகப்போகிற ரயில்களைத் தேடித் தேடிப் போய் வழியனுப்புவது இப்போது பெரிய நாகரிகம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் 'நன்றி, இசோஷிகி' என்று பதாகை பிடித்தார்கள். மேயர் ஒகிமோதோ 'ஒருநாள் நிலைய அதிகாரி' தொப்பியும் வெள்ளைக் கையுறையும் போட்டுக்கொண்டு, இந்த ரயில் இல்லாமல் எப்படி வாழ்வோம் என்று விம்மினார். அந்த ரயிலில் அவர் ஏறி நான் பார்த்ததில்லை. நானும் அழுதேன். பொய்யழுகை இல்லை, மனசார அழுதேன். நண்டுச்சோறு அத்தனையும் விற்றிருந்தது.

நுகதா பழப்பையோடு வாசலருகே முட்டிமோதிக்கொண்டிருந்தார். டிக்கெட்டுகள் விற்பனை தொடங்கிய கணத்திலேயே தீர்ந்துபோயிருந்தன.

"பெரியவரே, தலை! தலை மறைக்குது!" என்று முக்காலிக்காரர்கள் கத்தினார்கள்.

ரயில் வாசலில் டிக்கெட்டோடு நின்ற ஒரு இளைஞனிடம் அவர் கெஞ்சினார். "தம்பி, நான் ஒசாகா போகணும்ப்பா."

"ஒசாகாவா? நான் அங்கேர்ந்துதான் வந்தேன். கார்ல."

"பின்ன நீ எதுக்கு இதுல போற?"

"போறதுக்கு இல்லீங்க. பிரியறதுக்கு."

"இவ்வளவு பிரியமா? இத்தனை வருசமா ஏன் வரலை?"

"இத்தனை வருசமா ஓடிக்கிட்டுதானே இருந்துச்சு?" என்றான் அவன், ஆச்சரியத்தோடு.

ரயில் போய்விட்டது. நுகதா பழங்களை என் கடையில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

விஷயம் இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அன்று விற்ற ரயில் படம் போட்ட துண்டுகள், சாவிக்கொத்துகள், என் சோற்றுப்பெட்டிகள் எல்லாவற்றையும் மேயர் யோசித்துப் பார்த்தார். சுகிதாவைக் கூப்பிட்டார். நான் பெட்டி கொண்டுபோய்க் கொடுக்கப் போயிருந்தேன், அதனால் என் காதாலேயே கேட்டேன்.

"இந்த ரயில் ஓடிச் சம்பாதிக்காததை ஒரே நாள்ல நின்னு சம்பாதிச்சிடுச்சு, பாத்தியா?"

"ஆமாங்க மேயர் ஐயா. ஆனா நிறுத்தியாச்சுங்களே."

"நிறுத்தினதை நான் ரத்து பண்ணச் சொல்லலையே. இன்னொரு தரம் நிறுத்துவோம்."

ரசிகர்களின் அன்பான வேண்டுகோளுக்கிணங்க அடுத்த சனிக்கிழமை மீண்டும் கடைசி ரயில் ஓடியது. அதற்கடுத்த சனிக்கிழமையும் ஓடியது. நிறுத்தும் முடிவில் மாற்றமில்லை, அதை நிறைவேற்றுவது மட்டுமே தொடர்ந்து நடைபெறும் என்று நகராட்சி தெளிவுபடுத்தியது. மேயர் வாராவாரம் விம்மினார். பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமை அழுகைக்கு முறை போட்டார்கள்.

இதைப் பார்த்துப் பஸ் கம்பெனிக்குப் பொறுக்கவில்லை. அவர்களும் பஸ்ஸுக்குப் பிரியாவிடை நடத்தினார்கள். டிரைவரின் மனைவி வந்தாள், நேரம் கேட்க ஒருவர் வந்தார். விமான நிலையத்தில் நடத்தியபோது, வழியனுப்ப வந்தவர்களைச் சோதனை வாசலிலேயே தடுத்து, பதாகைக் கம்பைப் பிடுங்கிக்கொண்டார்கள். நிபுணர் குழு மறுபடியும் காரில் வந்தது. வேகத்தில் விமானம், கட்டணத்தில் பஸ், வழியனுப்பத் தகுந்ததில் ரயில் என்று திருத்திய தீர்ப்பு தந்தது. மூன்றாவதுதான் பயணத்தின் மிக முக்கியமான அம்சம் என்று அடிக்குறிப்பும் போட்டார்கள்.

நுகதாவுக்கு ஒன்று மட்டும் புரிந்தது. ரயில் ஓடுகிறது. நேரே சுகிதாவிடம் போனார், துணைக்கு நானும் போனேன்.

"சனிக்கிழமை ஒசாகாவுக்கு ஒரு டிக்கெட்டு குடுங்க."

"எதுக்காகப் போறீங்க?"

"பொண்டாட்டியைப் பாக்க."

சுகிதா வருத்தத்தோடு குனிந்தார். "அது பயணம்ங்க. இது பிரியாவிடை ரயில். எங்கேயோ போறதுக்காக ஒருத்தர் ஏறிட்டா, பிரியறதுக்காக வந்தவங்க மனசு சங்கடப்படுமே."

"சரிய்யா, நானும் பிரியத்தான் வர்றேன்னு வெச்சுக்கங்க."

"அழுவீங்களா?"

"ஒசாகாவுல இறங்கினதும் எவ்வளவு வேணுமோ அழறேன்!"

"அப்படின்னா சீட்டுக் குலுக்கல்ல பேரைப் போடுங்க. ஆயிரக்கணக்குல வந்திருக்கு, சொல்ல முடியாது."

குலுக்கலில் நுகதா பெயர் வரவே இல்லை. வந்திருந்தாலும் பிரயோஜனமில்லை. ரயிலில் போகிறவர்களால் ரயிலைப் படமெடுக்க முடியவில்லை என்று புகார்கள் குவிந்ததால், ஒசாகா வரை போவது வீண் என்று முடிவாயிற்று. ரயில் அடுத்த நிலையம் வரை போய்த் திரும்பி வந்தது. பிறகு, நகர்ந்தால் படம் கலங்குகிறது என்று இன்னொரு புகார். அது முதல் ரயில் நடைமேடையிலேயே நின்றபடி ஊதியது, நாங்கள் நின்றபடி கையசைத்தோம். தாமதம் அறவே ஒழிந்துவிட்டது என்று சுகிதா நகரமன்றத்தில் அறிவித்தார். உறுப்பினர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ஃபுமியே நடப்பதை நிறுத்திவிட்டாள். நுகதா அன்றைக்கே மடியில் ஒரு பிளாஸ்டிக் வாளியோடு பஸ் ஏறினார். போய்ச் சேர்ந்தபோது அவர் முகம் வேகாத இறால் நிறத்தில் இருந்ததாம். மனைவியைப் பிடித்து நடத்தப் போனவரை நர்ஸ்கள் பிடித்துப் பக்கத்துக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். ஃபுமியே அவர் கையைத் தடவிக்கொண்டே, "இனி வராதீங்க, உங்களைப் பாக்கச் சகிக்கலை" என்றாளாம். இதை என்னிடம் சொன்னபோது நுகதா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பச்சைக் கோபம்தான் வந்தது. ஆனால் அன்று சனிக்கிழமை, கடையில் வரிசை நின்றது.

குளிர்காலம் முடிவதற்குள் அந்த வரிசையும் போயிற்று. வடக்கே வேறொரு ஊரில் நிஜமாகவே ஒரு ரயில் சாகப்போகிறது என்று தெரிந்ததும் முக்காலிகள் எல்லாம் அங்கே கிளம்பிவிட்டன. இசோஷிகி எங்கள் நிலையத்தில் தனியாக நின்று ஊதிக்கொண்டிருந்தது. மேயருக்கு விம்மினாலும் கேட்க ஆளில்லை. காய்கறிக்கடையும் தையல் கடையும் கதவைப் பாதி இறக்கிவிட்டன. எனக்கு நண்டு வாங்கும் காசுகூடத் திரும்பவில்லை.

அப்போதுதான் நுகதா சலவைக்கடையை மூடிவிட்டு ஒசாகாவுக்கே குடிபோவதென்று முடிவு செய்தார்.

"வாராவாரம் என்னால வாந்தி எடுக்க முடியாது. ஒரே வாந்தியோட முடிச்சுக்கறேன்" என்றார். "ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துலயே ஒரு ரூம் பாத்துட்டேன். தினம் நடத்தலாம் அவளை."

பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலு பேர் வழியனுப்பலாம் என்றிருந்தோம். சுகிதா காதில் விழுந்துவிட்டது. 'இசோஷிகியின் கடைசிப் பயணியின் கடைசிப் பயணம்' என்று இணையத்தில் போட்டுவிட்டார். சனிக்கிழமை காலை பஸ் நிறுத்தத்தில் எள் விழ இடமில்லை. முக்காலிகள் வடக்கிலிருந்து திரும்பி வந்திருந்தன. பழைய பதாகையில் ரயில் பேர் மேல் 'நுகதா சான்' என்று துணி ஒட்டியிருந்தார்கள். மேயர் தொப்பி போட்டுக்கொண்டு வந்து, இவர் இல்லாமல் எப்படி வாழ்வோம் என்று விம்மினார். நுகதா வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் குனிந்து வணங்கினார்.

"பெரியவரே, வாளியைக் கொஞ்சம் இறக்குங்க! முகம் தெரியலை!"

மேயர் கூட்டத்தைப் பார்த்தார். சோறு விற்றுத் தீர்ந்த என் கடையைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நுகதாவின் காதருகே குனிந்தார்.

"நுகதா சான், தப்பா எடுத்துக்காதீங்க. அடுத்த சனிக்கிழமையும் கொஞ்சம் போக முடியுங்களா?"

நுகதா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "போறதுல எனக்கொண்ணும் இல்லைங்க. ஆனா மறுபடி போகணும்னா முதல்ல இங்க திரும்பி வரணுமே. எதுல வர்றது?"

மேயர் சுகிதாவைப் பார்த்தார். சுகிதா மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு, "வழியனுப்புறதுதாங்க எங்க பிரிவு. ஊருக்கு ஆள் வர்றதுக்குன்னு நமக்குப் பிரிவே இல்லை" என்றார்.

நுகதா பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். ஒசாகா இருக்கும் திசையைப் பார்த்தாரே தவிர எங்கள் பக்கம் திரும்பவில்லை. பஸ் வளைவில் மறையும்வரை கையசைத்தோம். கேமராக்கள் ஓய்ந்தன. அவ்வளவு கூட்டத்தையும் கலைய விட மேயருக்கு மனசு வரவில்லை. நாற்காலி ஒன்றின் மேல் ஏறி நின்றார்.

"அடுத்த சனிக்கிழமை ஊரை விட்டுப் போறதுக்கு யாராவது முன்வருவீங்களா?" என்று கேட்டார்.

காய்கறிக்கடைக்காரர் கையைத் தூக்கினார். தையற்காரி தூக்கினாள். பதாகை பிடித்திருந்த பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். சுகிதாகூட, அடுத்த மாற்றல் வெளியூருக்குக் கிடைக்குமென்றால் தயார் என்று பாதிக் கை தூக்கினார். மேயருக்கு முகமெல்லாம் பூரிப்பு. இவ்வளவு பேர் இருந்தால் இரண்டு வருஷத்துக்குக் கவலையில்லை என்று சொல்லிக்கொண்டே, யாரும் விட்டுப்போகாமல் இருக்க இன்னும் நன்றாக உயர்த்தும்படி கேட்டுக்கொண்டார். நானும் என் கையை நன்றாக உயர்த்தினேன்.