ஒரு நீள ஹாரன்

'எதுக்குங்க' என்கிறவர் என் நாற்காலியைப் பறிக்க வந்த ஒற்றன் என்று ஒரு மழைக்காலத்தில் வெகு நாள் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியதோடு நின்றேனா? அவர் தலை எஸ்டேட் ஆபீஸ் வாசலில் தெரிந்தால் போதும், மூடிய பேனாவால் மேசைமீது மளமளவென்று எழுதுவேன். டைப் அடிக்கத் தெரியாதவன் டைப்ரைட்டரைப் போட்டுத் தட்டுவேன். ஒருநாள் அதில் பேப்பர் மாட்டவே மறந்துவிட்டேன். அவர் எட்டிப் பார்த்து, "நொம்ப வேகமுங்க" என்றார்.

எதுக்குங்க என்பது அவருடைய பட்டப்பெயர். சேர்வராயன் மலையில் அவரளவு கேள்வி கேட்ட மனிதர் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். யாரும் அதைக் கேட்டதில்லை. அவர் முந்திக்கொண்டு நம்மைக் கேட்டுவிடுவார்.

எண்பதுகளின் கடைசி அது. சேலத்தில் அவர் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த இடம் மூடிவிட, கொட்டச்சேட்டில் இருக்கும் எங்கள் எஸ்டேட்டுக்கு முதலாளி அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வாங்கலாமா என்று யோசனை சொல்வதுதான் வேலை. ஒரு கம்ப்யூட்டர் வந்தால் நாலு கிளார்க் காலி என்று ஊரெல்லாம் பேச்சு. எங்கள் ஆபீசில் என்னையும் சேர்த்து இருந்ததே இரண்டு கிளார்க். மெஷினுக்குப் பசி அடங்க இன்னும் யாரைப் பிடித்துப் போடுவார்கள் என்றுகூடக் கவலைப்பட்டேன்.

குரங்குக் குல்லாயும் குடையுமாக வந்து இறங்கினார். என் வீட்டுக்கு அடுத்த அறை. மறுநாளே என்னிடம் ஆரம்பித்தார்.

"ஏனுங்க, இன்னைக்கு எம்புட்டு நேரமுங்க சும்மா இருந்தீங்க?"

"நானா? மூச்சு விடவே நேரமில்லீங்க."

"அட, பொய் சொல்லாதீங்க. அந்தக் கேட்டையே பாத்துக்கிட்டு நின்னீங்களே, எதுக்குங்க?"

"தபால்காரருக்கு."

"அவரு இன்னைக்கு லீவுங்களே!" என்று புதையல் கிடைத்தவர்போல் கைதட்டினார். "பாருங்க, வராத ஆளுக்குக் காத்திருந்திருக்கீங்க. இதத்தானுங்க நான் தேடிக்கிட்டிருக்கேன்."

அன்று நான் சாப்பிடவில்லை. "நம்ம சோத்துல மண்ணு விழப் போவுது" என்று மனைவியிடம் சொன்னேன். "மொதல்ல சோத்த ஆறப் போடாம தின்னுங்க" என்றாள்.

ஆனால் ஒற்றன் எனக்கு மட்டும் ஒற்றனாக இல்லை. பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்களை, ரேஷன் கடை வரிசையை, ஆஸ்பத்திரி படிக்கட்டில் உட்கார்ந்திருப்பவர்களை, ஒருவர் விடாமல் கேட்டார். எதுக்குங்க நிக்கறீங்க? ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் மளிகைக் கடை வைத்திருந்த ஹனீபா பாய்தான் ஒருநாள் பொறுக்காமல் கேட்டார்.

"ஏனுங்க, ஊரையே கேக்கறீங்க. இத வெச்சு என்னாங்க பண்ணப் போறீங்க?"

"திட்டம் போடோணுமுங்க பாய். நாளைக்கு சாஃப்ட்வேர் ஆராய்ச்சின்னு பெரிய பெரிய வேலையெல்லாம் நடக்கும். ராக்கெட்டுக்கு எழுதுவாங்க, பேங்குக்கு எழுதுவாங்க. மஞ்சக்குட்டை ஊர்க்காரரு பஸ் ஸ்டாப்புல எதுக்கு நிக்கறாருன்னு யாராச்சும் கேட்டாங்களா? அதக் கேட்டுட்டு அப்பறம் மெஷின் வாங்கோணும்."

"மெஷினுக்கும் மஞ்சக்குட்டைக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று நான் சிரித்தேன். வேலைக்கு ஆபத்தில்லை என்று தெரிந்ததும் எனக்கு எப்போதும் கிண்டல் வந்துவிடும்.

அவர் சிரிக்கவில்லை. "முன்ன ஒருக்கா என்ற சம்சாரத்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போக, அவ ஊரு கரடியூர்ல பஸ்ஸுக்கு நின்னனுங்க. அவளுக்கு மூச்சு வாங்குது. அந்த பஸ் அன்னைக்குக் கெளம்பவே இல்லீங்க. கெளம்பலன்னு கீழ இந்த பஸ் ஸ்டாண்டுல அத்தன பேருக்கும் தெரியும். மேல நின்ன எங்களுக்கு மட்டும் தெரியல. மத்தியானம் வரைக்கும் நின்னோம். தெரிஞ்சிருந்தா காலையிலயே தூக்கிக்கிட்டு நடந்திருப்பேன்."

பாய் அவர் பக்கம் டீ கிளாசை நகர்த்தினார். அதற்கு மேல் நாங்கள் கேட்கவில்லை. கொட்டச்சேட்டுக்கு அவர் தனியாகத்தான் வந்திருந்தார்.

கம்ப்யூட்டர் வரும்வரை சும்மா இருப்பானேன் என்று, கம்ப்யூட்டர் இல்லாமலே சாஃப்ட்வேரை ஆரம்பித்துவிட்டார். பாய் கடையிலிருந்து பார்த்தால் டாக்டரின் ஸ்கூட்டர் தெரியும், ரேஷன் கடை தெரியும், பஸ் கிளம்பியதா என்பதும் தெரியும். அதை ஷேர் ஜீப் ஓட்டும் சின்னராசுவிடம் சொல்ல வேண்டும். அவர் ஒவ்வோர் ஊர் முகப்பிலும் ஹாரன் அடிக்க வேண்டும். இரண்டு அடித்தால் டாக்டர் இருக்கிறார். மூன்று அடித்தால் மண்ணெண்ணெய் வந்திருக்கிறது. நீளமாக ஒன்று அடித்தால் இன்றைக்கு பஸ் இல்லை.

"ஜீப்பு ஹார்டுவேருங்க. எப்ப, எத்தன அடிக்கோணுங்கறது சாஃப்ட்வேர்."

"அப்ப நானு?" என்றார் சின்னராசு.

"நீங்களும் ஹார்டுவேர்தானுங்க."

சின்னராசுவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம். எனக்குக் கிடைத்த பதவியோ மெமரி. தினமும் காலையில் ஆபீஸ் தபாலைப் போட ஏற்காடு போகும் நான், பாய் சொல்வதை நினைவில் வைத்து சின்னராசுவிடம் ஒப்பிக்க வேண்டும். குடையை பஸ்ஸிலும் செருப்பைக் கோயிலிலும் மறந்துவிட்டு வருகிறவனுக்கு அந்த வேலை. பாய் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் திட்டம் ஓடியது. இரண்டு ஹாரன் கேட்டதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஜீப்புக்கு ஓடி வருகிறவர்களைப் பார்த்தபோது, எனக்கே என்மீது ஒரு மரியாதை வந்தது.

அப்போதுதான் அந்தக் குழு வந்தது. நாட்டில் சாஃப்ட்வேர் ஆராய்ச்சி இனி எப்படிப் போக வேண்டும் என்று திட்டம் போடும் பெரியவர்கள் குழு. திட்டம் போடக் குளிர்ந்த இடம்தான் தோது போலிருக்கிறது. ஏரிக்கரை ஓட்டலில் மூன்று நாள் கூட்டம். எதுக்குங்க சட்டையைப் பெட்டி போட்டுத் தேய்த்து வைத்தார். "எதுக்குங்க நிக்கறீங்கங்கற ஒரே ஒரு கேள்வியத் திட்டத்துல சேத்துட்டாப் போதுமுங்க. என்ற சம்சாரம் மாதிரி இன்னொருத்தி நிக்க மாட்டா."

வந்த பெரியவர்கள் முதல் நாள் காலையில், கூட்டத்துக்கு முன்னால் கரடியூருக்கு மலைக்காட்சி பார்க்கப் போனார்கள். நான்கு கார். நல்ல பனிமூட்டம். சமவெளி டிரைவர்கள் பயத்தில் ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்தார்கள். இரண்டு அடித்தார்கள், மூன்று அடித்தார்கள், மறுபடி இரண்டு அடித்தார்கள்.

வழியிலிருந்த ஊர்களெல்லாம் கிளம்பிவிட்டன.

இருமுகிற பிள்ளைகள், காலில் கட்டுப் போட்டவர்கள், டின்னும் கேனும் தூக்கியவர்கள் என்று ஏற்காடே திணறியது. டாக்டர் சேலத்தில் இருந்தார். ரேஷன் கடையில் பூட்டு தொங்கியது. "எவன்யா மெமரி?" என்று ஒரு குரல் கேட்டதும் நான் பாய் கடை அரிசி மூட்டைக்குப் பின்னால் போய்விட்டேன். மலை முழுக்க என்னை உதைக்கப் போகிறது, எங்கே முதலில் விழும் என்பதுதான் தெரியாது என்று பதுங்கிக் கிடந்தேன்.

"வெளிய வாங்க," என்றார் பாய். "ஹாரன் அடிச்சது அந்தக் காருங்கன்னு சொல்லிட்டேன். எல்லாரும் ஓட்டலுக்குப் போயிட்டாங்க."

ஓடினேன். கூட்டம் நடந்த ஹாலுக்குள் டின்களும் கேன்களும் நின்றன. மேடையில் "சமுதாயத்துக்கான மென்பொருள்" என்று பேனர். அதன் கீழே தலைவர் எழுந்து நின்றிருந்தார்.

"யாருங்க இவங்கெல்லாம்?"

"இவங்கதானுங்க சமுதாயம்," என்றார் எதுக்குங்க. "பேனர்ல போட்டிருக்கீங்களே."

"நீங்க எந்த நிறுவனம்?"

"பஸ் ஸ்டாண்டுங்க."

"மண்ணெண்ணெய் வந்துச்சா இல்லையா, மொதல்ல அதச் சொல்லு சாமி," என்று ஒரு அம்மாள் தலைவரைப் பார்த்துக் கேட்டாள். ஹால் முழுக்கச் சிரிப்பு. எதுக்குங்கவின் குரல் அதில் மூழ்கிவிட்டது. இரண்டு தடவை ஆரம்பித்து இரண்டு தடவையும் நிறுத்தினார். தேய்த்த சட்டை வியர்வையில் ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான், போயிற்று என்று நினைத்தேன்.

ஒரு பேராசிரியை மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து அருகில் வந்து, எத்தனை ஹாரன் எதுக்கு என்று முழுக்கக் கேட்டார். பிறகு, "வெளியூர் கார் ஹாரனும் உங்க ஹாரனும் ஒரே மாதிரி இருக்கே. வேற யாரும் அடிக்காத மாதிரி ஒண்ணு வேணுமே?" என்றார்.

எதுக்குங்கவின் முகத்தில் அன்று பார்த்த வெளிச்சத்தை மறுபடி நான் பார்க்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "கேட்டீங்களா, எதுக்குன்னு கேக்கறாங்க! இதுதானுங்க ஆராய்ச்சி!" என்றார்.

அதன் பிறகு நீள ஹாரன் ஒன்றுதான் தப்பிப் பிழைத்தது. சின்னராசு அழுத்துகிற அளவுக்கு வேறு எந்த டிரைவரும் அழுத்த மாட்டார். மற்றவற்றுக்கு என்ன மாற்று என்று எதுக்குங்க யோசித்துக்கொண்டே இருந்தார்.

மழை விட்ட பிறகு பாய் கடைக்கு போன் வந்தது. பேராசிரியைதான். கேள்வியைத் திட்டத்தில் சேர்த்தாகிவிட்டதாம், அதற்கு ஆள் வேண்டுமாம், சென்னைக்கு வர முடியுமா? "நம்ம சாஃப்ட்வேர அங்க செஞ்சு எடுத்துக்கிட்டு வர்றனுங்க," என்று எங்களிடம் சொன்னார் எதுக்குங்க. போனவர் திரும்பி வரவில்லை. எஸ்டேட்டுக்குக் கம்ப்யூட்டர் பல வருஷம் கழித்து வந்தது. அதற்கு உறை போட்டுத் துடைக்கிற வேலையும் என்னிடமே வந்தது. என் நாற்காலியை யாரும் பறிக்கவில்லை.

இப்போது பஸ் எந்த வளைவில் வருகிறது என்று என் மகளின் போன் சொல்லிவிடுகிறது. நான் ஸ்டாப்பில் நிற்பதே குறைந்துவிட்டது. நின்றாலும் எதுக்குங்க என்று கேட்க யாருமில்லை.

சென்னைக்கு அவர் முதல்முறை புறப்பட்ட காலை, கொட்டச்சேடு ஸ்டாப்பில் அவருடைய பெட்டிமேல் இருவரும் உட்கார்ந்திருந்தோம். சின்னராசுவின் ஜீப் ஊர் முகப்பில் திரும்பியது. நீளமாக ஒரு ஹாரன். எங்களை ஏற்றிக்கொள்ள வேகம் குறைத்தார். எதுக்குங்க கையைக் காட்டி, போகச் சொல்லிவிட்டார்.

பஸ் வராது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.