பாத்துக்கலாம் வக்கீல்

இதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. பொய்யென்றால் என் நாக்கு இப்போதே அறுந்து விழட்டும். எழுதுவதற்கு நாக்கு தேவைப்படாது என்பது வேறு விஷயம்.

வக்கீல் கட்டிலுக்கு அடியில் இருந்தார். கட்டிலின் மேல், தலையணைக்குக் கீழே, ஃபோன் அடித்துக்கொண்டிருந்தது.

“ஏங்க, வெளிய வாங்க. ஃபோன் ஒண்ணும் கடிக்காது,” என்றாள் மனைவி.

“ஒழுங்கு நடவடிக்கைக் குழுவா இருக்கும்டி!”

“என் தங்கச்சிதாங்க.”

“அப்ப நான் இங்கயே இருக்கேன்.”

விஷயம் இதுதான். கட்சிக்காரர்கள் எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்: “பாத்துக்கலாம்.” வழக்கு என்னாச்சு? பாத்துக்கலாம். விசாரணை எப்போ? பாத்துக்கலாம். தையற்கடைக்கார அம்மாவின் வாடகை வழக்கையும் அப்படித்தான் பார்த்துக்கொண்டார். வழக்குத் தோற்றுப்போனது அந்த அம்மாவுக்குத் தெரிந்ததே, ஷட்டரில் வேறொருவர் பூட்டு தொங்கியதைப் பார்த்த அன்றைக்குத்தான். நேராகப் பார் கவுன்சிலுக்குப் போய்ப் புகார் கொடுத்துவிட்டார்.

திங்கட்கிழமை அங்கே குழுவின் விசாரணை. குற்றம் உறுதியானால் கறுப்புக் கோட்டைக் கழற்றிவிடுவார்கள். அவருக்கு வேறு தொழில் தெரியாது. இந்தத் தொழிலும் அவ்வளவாகத் தெரியாது.

“அந்தம்மாகிட்ட ஒரு மன்னிப்புக் கேட்டுத் தொலைங்களேன்,” என்றாள் மனைவி.

வக்கீல் கட்டிலுக்கு அடியிலிருந்தே கையை நீட்டி ஃபோனை எடுத்து, தையற்கடைக்கார அம்மாவின் எண்ணை அழுத்தினார்.

“யாருங்க?”

“நான்தாம்மா, உங்க வக்கீல்.”

“எவன்டா அவன்? என் வக்கீல் ஃபோனே பண்ணமாட்டாரு!”

பட்டென்று வைத்துவிட்டார். வக்கீல் மறுபடி அடித்தார். விடாமல் அடித்தார். வருஷக்கணக்காகப் பேசாததை ஒரே காலையில் பேசிவிடும் வெறி. மதியம் குழுவிலிருந்து ஆள் வந்து இன்னொரு தாளை நீட்டினார்: வக்கீல் ஆள் வைத்து மிரட்டுகிறார் என்று புதுப் புகார்.

நேரிலேயே ஓடினார். பூட்டிய கடையின் வாசலில் மிஷினைப் போட்டு அந்த அம்மா தைத்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, புகாரை வாபஸ் வாங்கிடுங்கம்மா. கால்ல வேணா விழறேன்.”

அந்த அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். நிமிர்ந்து, உச்சி முதல் கால்வரை அவரைக் கண்ணாலேயே அளவெடுத்தார்.

“பாத்துக்கலாம்.”

இதற்கு என்ன பொருள்? கவலைப்படாதே என்றா? பிறகு யோசிக்கலாம் என்றா? உன்னை ஒரு கை பார்க்கிறேன் என்றா? காலமெல்லாம் தான் சொல்லிவந்த சொல்லுக்கு இத்தனை பல் இருப்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. தையல் மிஷின் ஓடும் சத்தம் வீடுவரை அவர் பின்னாலேயே வந்தது.

மிச்சமிருந்த ஒரே வழி, அவருக்குத் தொழில் பழக்கிய சீனியர்.

“அண்ணே, எனக்காக நீங்கதான் ஆஜராகணும்.”

“அட, நான் இருக்கேன்டா தம்பி. பாத்துக்கலாம்.”

வக்கீல் சுவரைப் பிடித்துக்கொண்டே வீடு வந்தார்.

திங்கட்கிழமை சீனியர் வரவில்லை. ஃபோனையும் எடுக்கவில்லை. நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர், மூன்று மூக்குக்கண்ணாடி. மின்விசிறி கடக் கடக்கென்று பல்லைக் கடித்தது. எதிரே அந்த அம்மா அளவு நாடாவை விரலில் சுற்றுவதும் இறுக்குவதுமாக இருந்தார். வக்கீல் தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

“உங்க தரப்புல சொல்ல ஏதாவது இருக்கா?” என்றார் தலைவர்.

வக்கீல் வாயைத் திறந்தார். பயத்தில் நாக்குக்குப் பழக்கமான ஒரே சொல்தான் வெளியே வந்தது.

“பாத்துக்கலாம்.”

தலைவர் நாற்காலி பின்னால் சாய எழுந்தார். “கழட்டுங்கய்யா அந்தக் கோட்டை!”

மூலையிலிருந்த ஆபீஸ் குமாஸ்தா தொண்டையைக் கனைத்தார்.

“மன்னிக்கணும் ஐயா, நமக்கு அந்த அதிகாரம் இல்லீங்க. இருபது வருஷம் முன்னாடி இவர் பேர்ல வக்கீல் பதிவு விண்ணப்பம் வாங்கிட்டுப் போன இவரோட சீனியர் அதை இன்னும் கொண்டுவந்து கொடுக்கல. இவரு வக்கீலே இல்ல.”