கண்ணாடிக்காரர் கப்பல் மாறினார்

“அந்தக் கப்பல்ல சாயங்காலம் ரூமுக்கு வந்தா கட்டில் மேல யானை உக்காந்திருக்கும். இங்க ஏன் இல்லை?” என்று கேட்டுவிட்டு, மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கதவோரம் நின்றுகொண்டாள்.

கண்ணாடிக்காரருக்குப் பகீரென்றது. கப்பல் கரையை விட்டுக் கிளம்பிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் முதல் புகார் வந்துவிட்டது.

யானை என்றால் துண்டு யானை. போன தடவை போன கப்பலில், இவர்கள் வெளியே போயிருக்கிற நேரம் பார்த்து, அறையைச் சுத்தம் செய்கிறவர் குளிக்கிற துண்டை மடித்துச் சுருட்டித் தும்பிக்கையும் காதுமாகக் கட்டில் நடுவில் உட்கார்த்தி வைத்துவிட்டுப் போவார். மகள் அதைக் கும்பிடாத குறை.

“இது வேற கம்பெனி கப்பல்டா செல்லம். இங்க அதைவிட நல்லதா ஏதாவது இருக்கும்.”

“யானையைவிட நல்லது என்ன இருக்கு?”

நியாயமான கேள்வி. கண்ணாடிக்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி ஜன்னலைப் பார்த்தாள். நாற்காலியில் சாய்ந்திருந்த மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், தொண்டையைக் கனைத்தார்.

“நான் ஒண்ணும் சொல்லலை மாப்பிள்ளை.”

ஒன்றும் சொல்லவில்லை என்று மச்சான் சொன்னால் நிறையச் சொல்லப் போகிறார் என்று அர்த்தம். அவர் பழைய கம்பெனியின் தங்க அட்டை உறுப்பினர். அந்த அட்டை இங்கே செல்லாது என்று தெரிந்தும், சட்டைப் பையில் பாதி வெளியே தெரிகிற மாதிரி செருகி வைத்திருந்தார்.

கப்பலை மாற்றியது கண்ணாடிக்காரரின் முடிவு. அந்த வீட்டில் அவர் எடுத்த முதல் முடிவு என்றுகூடச் சொல்லலாம். அவருக்கு மூக்குக் கண்ணாடி செய்கிற தொழில். கல்யாணமான புதிதில் மனைவி ஒரு கிளிப்பச்சை ஃபிரேமைப் பொறுக்கி எடுத்து, “இது உங்களுக்கு நல்லா இருக்கும்” என்று சொன்னாள். வேறு யாருக்கும் அது நல்லா இருந்திருக்காது, உண்மையில் அவருக்கும் நல்லா இல்லை. ஆனாலும் தன் கையாலேயே கண்ணாடியைத் தேய்த்து அதில் பொருத்தி வருஷக்கணக்காகப் போட்டுக்கொண்டு திரிந்தார். இடது காதில் மாட்டுகிற கம்பி உடைந்தபோது சிவப்பு நூல் சுற்றிக்கொண்டாரே தவிர, ஃபிரேமை மாற்றவில்லை.

அந்தக் கண்ணாடிதான் போன தடவை பழைய கப்பலில் தொலைந்துபோனது. கம்பெனிக்குப் பல தடவை போன் செய்தார். ஒவ்வொரு தடவையும் காதில் பாட்டுப் போட்டுவிட்டு அவர்கள் எங்கேயோ போய்விட்டார்கள். அன்றைக்கே அவர் சபதம் போட்டார், இனி அந்தக் கம்பெனியின் கப்பலில் கால் வைப்பதில்லை என்று.

“மறந்து வெச்சுட்டு வந்தது நீங்க. கப்பல் மேல ஏன் பழியைப் போடறீங்க?” என்பது மனைவியின் கட்சி. குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகமாக இருந்தது. அதுதான் அவரைக் குடைந்தது.

கடைசியில் மச்சான் பஞ்சாயத்துப் பண்ணி ஓர் ஒப்பந்தம் போட்டார். புதுக் கப்பலில் போவது, பயணம் முடிகிற சாயங்காலம் கண்ணாடிக்காரரைத் தவிர மற்ற மூவரும் ஓட்டுப் போட்டு எது உசத்தி என்று தீர்ப்புச் சொல்வது. புதுக் கப்பல் தோற்றால், கண்ணாடியைத் தொலைத்தது தன் கவனக்குறைவுதான் என்று கண்ணாடிக்காரர் ஒப்புக்கொண்டு, அதைப் பற்றி இனி மூச்சே விடக்கூடாது. அப்புறம் காலத்துக்கும் எந்தப் பயணமானாலும் மச்சான் சொன்ன கப்பல்தான்.

அதனால் கண்ணாடிக்காரர் பாராட்ட ஆரம்பித்தார். ஜெயிப்பதற்காக ஆரம்பித்தவர், கொஞ்ச நேரத்தில் நிஜமாகவே சொக்கிப் போனார். கப்பல் அப்படி இருந்தது. வெளியே முழுக்க வெள்ளையும் குங்கும நிறமுமாக ஜொலித்தது. உள்ளே கால் புதைகிற மெத்தை விரிப்பு, கைப்பிடிகளில் முகம் பார்க்கலாம். போன தடவை அடித்தளத்தில் ஒரு வட்ட ஜன்னல் அறை. இந்தத் தடவை மேல்மாடி, பால்கனியோடு.

“ஒரு விஷயம் கவனிச்சீங்களா மச்சான்? சாப்பிடற ஹால் எங்கன்னு நான் யாரையும் கேக்கவே இல்லை. கால் தானா போகுது. முதல் தடவை வர்றவனுக்கே வழி தெரியுது பாருங்க, அதுக்குப் பேர்தான் கப்பல் கட்டற திறமை.”

“அம்புக்குறி போட்டிருப்பான்” என்றார் மச்சான், படி முடிகிற இடத்தில் தலையைக் குனிந்துகொண்டே. அங்கே ஒரு தாழ்வான உத்தரம் இருந்தது. பின்னால் வந்தவர்கள் எல்லாரும் நெற்றியில் இடித்துக்கொண்டார்கள்.

மனைவிகூட இளகினாள். “ஐஸ்கிரீம் மெஷின் எங்க இருக்குன்னு இவ மூக்கே கண்டுபிடிச்சிடுச்சுங்க” என்று மகளைக் காட்டிச் சிரித்தாள். மச்சான் மட்டும் மசியவில்லை. பழைய கப்பல் மாதிரி எது இருந்தாலும் “காப்பி அடிச்சிருக்கான்” என்றார். மாதிரி இல்லாவிட்டால் “காப்பி அடிக்கக்கூடத் தெரியலை” என்றார். இரண்டு வாசலையும் அடைத்துவிட்டால் கப்பல்தான் என்ன செய்யும்?

ஆனால் யானை இல்லாத குறை அப்படியே நின்றது. கண்ணாடிக்காரர் அறைப் பணியாளரைத் தேடிப் போனார். நரைத்த மீசையும் மடிப்புக் கலையாத சட்டையுமாக, துண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தார் அவர்.

“துண்டுல யானை செய்யறதெல்லாம் இப்ப இல்லை சார். கம்பெனி வேண்டாம்னுட்டாங்க.”

“குழந்தை தூங்க மாட்டேங்குது. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

பணியாளர் இரண்டு பக்கமும் பார்த்தார். “நான் செஞ்சேன்னு வெளிய சொல்லிடாதீங்க சார்.”

அவர் விரல்கள் துண்டில் ஓடியதைக் கண்ணாடிக்காரர் வாய் பிளந்து பார்த்தார். நாலு மடிப்பு, ஒரு சுருட்டல், ஒரு தட்டு. யானை எழுந்து உட்கார்ந்தது. தானும் கைவேலைக்காரர் என்பதால் அவருக்கு அந்த வேலையின் அருமை தெரிந்தது. மகள் யானையைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

“அப்படியே அந்த யானை அப்பா! அதே காது!”

“காப்பி” என்றார் மச்சான்.

கண்ணாடிக்காரருக்கு ரோஷம் வந்தது. பழைய கப்பல் கனவில்கூடக் காணாத ஒன்று வேண்டும். மறுநாள் பணியாளரிடம் போய் ஒட்டகச்சிவிங்கி கேட்டார். பணியாளர் தலையைச் சொறிந்துவிட்டு, கழுத்துக்கே குளியல் துண்டுகள் அத்தனையும் போய்விடும் என்றார். போகட்டும் என்றார் இவர்.

சாயங்காலம் ஒட்டகச்சிவிங்கி கட்டிலிலிருந்து விளக்கைத் தொடுகிற உயரத்துக்கு நின்றது. மச்சானே நாற்காலியை விட்டு எழுந்து அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். மனைவி மட்டும் குளிக்கப் போனவள் குளியலறைக் கதவைக் கொஞ்சமாகத் திறந்தாள்.

“என்னங்க, துண்டு எங்க?”

“அப்படியே இரு. ஒட்டகச்சிவிங்கியோட ஒரு காலை மட்டும் எடுத்துத் தரேன்.”

“கால் எடுத்தா செத்துப் போயிடும்” என்று மகள் அழ ஆரம்பித்தாள்.

கண்ணாடிக்காரர் நீச்சல் குளத்துக்கு ஓடி, அங்கே அடுக்கியிருந்த கோடு போட்ட துண்டுகளை அள்ளிக்கொண்டு வந்தார். வருகிற வழியில் குளத்தோரம் சறுக்கி, துண்டுகளோடு தண்ணீரில் விழுந்தார். மனைவிக்கு ஈரத் துண்டும் ஈரப் புருஷனும் வந்து சேர்ந்தார்கள்.

“இதை வெச்சுத் துவட்டறதுக்கு நான் துவட்டாமலே இருக்கலாம்” என்றாள் மனைவி. கடைசியில் ஜன்னல் திரையில் துவட்டிக்கொண்டாள்.

ஈர உடையைக் களைந்து படுக்கை விரிப்பைச் சுற்றிக்கொண்டு, காய்ந்த துண்டு கேட்பதற்காக அவர் நடைபாதையில் எட்டிப் பார்த்தார். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. சாவி அட்டை உள்ளே, மகளின் அழுகையும் உள்ளே. தட்டியது யார் காதிலும் விழவில்லை. அந்த நேரம் பார்த்து, பொத்தான்கள் மின்ன, விருந்தாளிகள் சூழ, கேப்டன் எதிரே வந்தார். விரிப்பையும் ஈரத் தலையையும் பார்த்தார். முகத்தில் ஒரு சுருக்கமில்லை.

“மாலை வணக்கம் சார். பயணம் சௌகரியமா இருக்கா?”

“பிரமாதம்” என்றார் கண்ணாடிக்காரர், விரிப்பை இறுக்கிப் பிடித்தபடி. உள்ளே போனதும் மச்சானிடம் அதையும் சேர்த்தே சொன்னார். “என்ன ஒரு பண்பு மச்சான். பழைய கேப்டனா இருந்தா சிரிச்சிருப்பார்.”

“பழைய கப்பல்ல உங்களுக்குத் துண்டு இருந்திருக்கும்” என்றார் மச்சான்.

பயணத்தின் கடைசிச் சாயங்காலம் பெட்டிகள் கட்டியாகிவிட்டன. எல்லாரும் கட்டிலில் வட்டமாக உட்கார்ந்தார்கள். பெட்டிகளை எடுத்துப் போக வந்த பணியாளரையும் மச்சான் நிற்க வைத்தார், சாட்சிக்காம்.

“என் ஓட்டு பழைய கப்பலுக்கு” என்று மச்சான் தங்க அட்டையைத் தட்டினார். “அந்தப் படிக்கட்டு, அந்த ஹால், அந்த அமைப்பு எதுவும் இதுக்கு வராது.”

“எனக்கு ஒட்டகச்சிவிங்கி” என்றாள் மகள். அது புதுக் கப்பலின் கணக்கில் சேர்ந்தது.

மிச்சம் மனைவியின் ஓட்டு. அவள் அவசரப்படவில்லை. “கப்பல் அழகாத்தான் இருக்கு. ஆனா அங்க நிம்மதியாக் குளிச்சேன்” என்றாள்.

“ஒரே ஒரு வார்த்தை” என்று கண்ணாடிக்காரர் எழுந்து நின்றார். “கார்ப்பெட்டு, படிக்கட்டு எல்லாம் விடுங்க. கப்பல்னா உள்ள இருக்கற மனுஷங்கதான். அடித்தளத்து ரூம்ல நான் ஒரு கண்ணாடியை விட்டுட்டு வந்தேன். ஆமா, நான்தான் மறந்தேன், ஒத்துக்கறேன். கிளிப்பச்சை ஃபிரேம், இடது கம்பியில சிவப்பு நூல். வேற யாருக்கும் அது குப்பை. ஆனா அது இவ எனக்குப் பொறுக்கிக் குடுத்தது. அந்தக் கப்பல்ல இருந்தவங்க அதைத் தூக்கிப் போட்டுட்டாங்க. இவர் மாதிரி ஒரு மனுஷன் அங்க இருந்திருந்தா பத்திரமா எடுத்து வெச்சிருப்பார்.”

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். அவர் அதை மறந்ததற்கு இவ்வளவு வருத்தப்பட்டார் என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

பணியாளர் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார். அறையை விட்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டார்.

“நீங்க ஓவராப் புகழ்ந்ததுல மனுஷன் ஓடியே போயிட்டார்” என்றார் மச்சான். “சரி, தங்கச்சி, உன் ஓட்டைச் சொல்லு.”

அவள் வாயைத் திறப்பதற்குள் பணியாளர் மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். கையில் சுத்தமான ஒரு கைக்குட்டை. அதைப் பிரித்து மெத்தைமேல் வைத்தார். உள்ளே கிளிப்பச்சை ஃபிரேம், இடது கம்பியில் சிவப்பு நூல்.

ஊர்க் கண்ணையெல்லாம் சோதிக்கிற கண்ணாடிக்காரர், அதை எடுத்து மாட்டிக்கொண்டு, அறையையும் பணியாளரையும் முதல் தடவையாகப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

“கப்பல் கைமாறினப்போ பேரு, பெயிண்ட்டு, கார்ப்பெட்டு, எங்க சட்டைன்னு எல்லாத்தையும் மாத்திட்டாங்க சார்” என்றார் பணியாளர். “இதை மட்டும், விட்டுட்டுப் போனவர் என்னைக்காவது இந்தக் கப்பலுக்கே திரும்பி வருவார்னு நான் எடுத்து வெச்சிருந்தேன்.”