ஒவிலா கண்டெடுத்த பனிவண்டி

பெண்டாட்டி பேச்சைக் கேட்பதில்லை என்று ஒவிலா கல்யாணத்தன்று காலையிலேயே முடிவு கட்டிவிட்டார். ஜெர்மேன் கிழக்கு என்றால் இவர் மேற்கு. அவள் சூப்பில் உப்பில்லை என்றால் இவருக்குக் கரிக்கும். இப்படியே முப்பத்தைந்து குளிர்காலம் போயாயிற்று. "இந்த ஊர்ல சொந்த புத்தியில நடக்கிற ஆம்பளை நான் ஒருத்தன்தான்" என்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வாசலில் நிற்கும்போது சொல்லிக்கொள்வார். ஜெர்மேன் பத்தடி தள்ளிப் போன பிறகுதான் சொல்வார்.

அந்தப் பனிவண்டி வீட்டுக்கு வந்ததும் இந்த வைராக்கியத்தால்தான். மேப்பிள் மரச்சாற்றைப் பாகாகக் காய்ச்சும் நாட்களில் பக்கத்துத் தோட்டக்காரர் அஷீலின் பாகுக் கொட்டகைக்கு இருவரும் போயிருந்தார்கள். பனிமேல் ஊற்றிய சூடான பாகைக் குச்சியில் சுருட்டித் தின்றுகொண்டே கொல்லைப்பக்கம் போன ஜெர்மேனை வெகுநேரம் காணோம். ஒவிலா தேடிப் போனார். விறகுக் குவியலுக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்த ஒரு வண்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். குச்சியில் இருந்த பாகு அவள் கையுறையில் ஒழுகியிருந்தது.

"இந்தக் கழிசடையைப் பாத்தீங்களா? தப்பித்தவறிக்கூட வீட்டுக்குக் கொண்டு வந்துடாதீங்க" என்றாள்.

இரண்டு பாரம் விறகுக்கு மாற்றாக மறுநாளே வண்டி வீடு வந்து சேர்ந்தது.

அது யார் செய்த வண்டி என்று அஷீலுக்குத் தெரியவில்லை. மரம் வெட்ட வந்த முகாம்காரர்கள் விட்டுப் போனதாம். கம்பெனிப் பெயர் இல்லை, எண் இல்லை. முன்னால் மரத்தில் வளைத்த இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னால் இன்ஜின் சுழற்றும் அகலமான ரப்பர் பட்டை, ஆசனத்துக்குப் பின்னால் ஒரு பெரிய மரப்பெட்டி. பெட்டியின் உள்விளிம்பில் வரிசையாக ஐந்து வெட்டுக்குறிகள்.

ஒவிலா கோடை முழுக்க யோசித்தார். கடைசியில் கண்டுபிடித்தும் விட்டார்.

"இது தபால் வண்டி. அரசாங்கம் பரீட்சை பாக்கறதுக்காக ரகசியமா செஞ்சது. மொத்தமே அஞ்சு. இது அஞ்சாவது. குறி போட்டிருக்கான் பாரு!"

"அரசாங்கமாவது மண்ணாவது. எவனோ குடியானவன் தன் தொழுவத்துல உக்காந்து தட்டினது" என்றாள் ஜெர்மேன்.

அதற்குப் பிறகு ஒவிலாவுக்குச் சந்தேகமே இல்லை. அரசாங்க வண்டிதான்.

வேலை ஆரம்பமாயிற்று. சாம்பல் நிறச் சாயத்தைச் சுரண்டியபோது அடியில் பொட்டளவு நீலம் தெரிந்தது.

"மஞ்சள் அடிங்க. நல்ல வண்டியெல்லாம் மஞ்சள்தான்."

"நீலம்."

"அப்ப கறுப்பு கலந்த நீலமா அடிங்க. அழுக்கு தெரியாது."

"வெளிர் நீலம்!"

"அந்தப் பெட்டியைக் கழட்டி அடுப்புல போடுங்க. இல்லேன்னா அந்தக் குறியையாவது இழைச்சு விடுங்க. பாக்கச் சகிக்கல."

"அடியே, அது சரித்திரம்! கை வெச்சே, தெரியும் சேதி!"

ஜெர்மேன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். கோபித்துக்கொண்டாள் என்று ஒவிலா சந்தோஷப்பட்டார்.

அவர் ஆசை சின்ன ஆசைதான். மர அறுவை ஆலையில் வாழ்நாளைக் கழித்தவர். அவர் அறுத்த பலகைகள் எத்தனையோ வீடுகளில் தரையாகவும் கூரையாகவும் கிடக்கின்றன. ஒன்றிலும் அவர் பெயர் இல்லை. ஓய்வு பெற்ற அன்று ஆலையிலிருந்து வீடு வரை நடந்தபோது அது அவருக்கு முதன்முதலாக வலித்தது. இந்த வண்டியை நகரத்து அருங்காட்சியகம் எடுத்துக்கொண்டால், பக்கத்தில் ஒரு பலகை வைப்பார்கள். 'கண்டெடுத்து உயிர் கொடுத்தவர் ஒவிலா.' அது போதும்.

பிப்ரவரியில் உறைந்த ஏரிமேல் பழைய பனிவண்டிகளின் திருவிழா. அருங்காட்சியகத்துத் திபோ வந்தார். நீல வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். குனிந்தார், தட்டினார், பெருமூச்சு விட்டார்.

"எந்த ஊர்ச் சரக்குன்னு புரியல. ஆனா இதுமாதிரி நான் பாத்ததில்ல. எங்களுக்குக் குடுத்துடறீங்களா? உங்க பேர் போட்டு நடுக்கூடத்துலயே வெச்சிடறேன்."

ஒவிலா சரி என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் பின்னாலிருந்து ஜெர்மேன் குரல் வந்தது.

"குடுத்துத் தொலைங்க! இன்னிக்கே ஏத்திக்கிட்டுப் போகட்டும்."

"குடுக்க முடியாது!" என்றது ஒவிலாவின் வாய்.

திபோ தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். தான் என்ன சொன்னோம் என்று ஒவிலா திகைத்து நிற்கும்போதே ஒரு வேன் வந்து நின்றது. ஜெர்மேனின் உடன்பிறந்தவர்கள் நாலு பேரும் இறங்கினார்கள். மூத்தவள் சிமோன் கைத்தடியை ஊன்றிப் பனியில் மெல்ல வந்தாள். கையுறையைக் கழற்றிப் பெட்டிக்குள் முதல் குறியில் கட்டைவிரலை வைத்தாள்.

"இது என் இடம்" என்றாள்.

"இது என்னுது" என்றார் அடுத்தவர். ஐந்தாவது குறியில் ஜெர்மேன் விரல் வைத்தாள்.

"பள்ளிக்கூடம் போறப்ப யார் எங்க உக்கார்றதுன்னு தினமும் சண்டை. அதான் அப்பா கத்தியால குறி போட்டாரு" என்றாள் சிமோன். "ரோட்டுல பனியைத் தள்ளி பஸ் விட ஆரம்பிச்சதும் முகாம்காரனுக்கு வித்துட்டாரு. வித்துட்டு அழுதாரு. அதே நீலம்! உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது மாப்ள?"

ஒவிலா ஜெர்மேனைப் பார்த்தார். ஜெர்மேன் ஏரியைப் பார்த்தாள்.

மஞ்சள், கறுப்பு, அடுப்பு எல்லாம் ஒவ்வொன்றாக அவருக்கு உறைத்தன. கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஆனால் ஜெர்மேன் கண்ணைக்கூடத் துடைக்காமல் அந்தக் குறியைத் தடவிக்கொண்டே நின்றாள். அதைப் பார்த்ததும் கோபத்துக்குக் கால் ஓய்ந்துவிட்டது.

"நேரா கேட்டிருக்கலாமே" என்றார் மெதுவாக.

"கேட்டேனே. கல்யாணமான புதுசுல. அப்பா வண்டி எங்க இருக்குன்னு தேடலாமான்னேன். துருப்பிடிச்ச இரும்புக்கு எவனாவது ஊர் ஊரா அலைவானான்னீங்க."

ஒவிலாவுக்கு அப்படிச் சொன்ன ஞாபகமே இல்லை. அதுதான் அவரை அதிகமாகச் சுட்டது. எத்தனை தடவை நேராகக் கேட்டு அலுத்த பிறகு ஒருத்தி இப்படித் தலைகீழாகப் பேசக் கற்றிருப்பாள் என்று நினைத்தார். பலகையும் பெயரும் அப்போது பெரிதாகத் தெரியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஜெர்மேன், இனிமே நீ சொன்னதை அப்படியே செய்வேன். எதிர்ப்பேச்சே கிடையாது."

"நிஜமாவா?"

"சத்தியமா."

ஜெர்மேன் மூக்கை உறிஞ்சினாள். கையுறையை மாட்டிக்கொண்டு, ஒவிலா இன்னும் ஒரு தடவைகூட உட்கார்ந்து ஓட்டிப் பார்க்காத ஆசனத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

"அப்ப கயித்தை இழுத்து இன்ஜினைக் கிளப்புங்க. கிளம்பினதும் தள்ளி நில்லுங்க. பெட்டியில அக்கா உக்காரணும்."