மேனேஜரின் இரட்டை முரசு

வாழ்க, பார்சல்காரர்! தபால் நிலையப் பின்கட்டில் நின்று, கண்ணாடிச் சாடியும் சுவர்க்கடிகாரமும் கடல் கடந்து போனாலும் கீறல் படாமல் சேரும்படி கட்டிக் கொடுத்த கையினர், சணல்கயிற்றின் வேந்தர், பழுப்பு டேப்பைப் பல்லாலேயே அறுக்கும் பேராற்றலர், பணி ஓய்ந்தவர், மனைவியை இழந்தவர். அவரிட்ட முடிச்சை விரலால் அவிழ்க்கத் துணிந்தோர் அனைவரும் ஈற்றில் கத்திரிக்கோல் தேடி அலைந்தனர் என்பது வரலாறு.

வாழ்க, அவரோடு பொருத பகைவேந்தனும்! கரும்பட்டு மேனியன், வெண்காலுறைக் காலினன், அசையாமையில் மலை நிகர்த்த அப்பூனைக்கு ‘மேனேஜர்’ என்று விருதுப்பெயர் சூட்டியவள் அந்த மறைந்த மனைவியே. ஒரு வேலையும் செய்யாமல் வீடெங்கும் நடந்து எல்லோரையும் முறைத்ததால் பெற்ற பெயர் அது. அவன் பின்புறத்தே, வாலென்னும் கொடிமரத்தின் கீழ், இரட்டை முரசு இருந்தது. அம்முரசு தந்த செருக்கால் அவன் செருப்பு அடுக்கிலும், மாடிப்படியிலும், மாடியில் குடியிருந்த வீட்டுக்காரரின் ஸ்கூட்டர் இருக்கையிலும் தன் நறுநீர் தெளித்து, எல்லைக்கல் நட்டு, நாடு விரித்தான்.

நனைந்த பின்புறத்தோடு ஸ்கூட்டரை விட்டிறங்கி வந்த வீட்டுக்காரர் பிரகடனம் செய்தார்: “சார், இந்த வாரத்துக்குள்ள அதுக்கு ஆபரேஷன் பண்ணுங்க. இல்லேன்னா நானே கொண்டுபோய் எங்கயாவது விட்டுட்டு வந்துடுவேன்!”

பார்சல்காரர் இருமினால் திரும்பிப் பார்க்க அவ்வீட்டில் மிஞ்சியிருந்த உயிர் அது ஒன்றே. ஆகவே போர் மூண்டது.

முரசைக் கைக்கொள்ளும் நாளுக்கு முந்தைய இரவிலிருந்து பகைவேந்தன் வயிற்றில் பருக்கையும் இருக்கலாகாது, மீறினால் மயக்க மருந்து கொடுக்கமாட்டேன் என்பது கால்நடை மருத்துவரின் ஆணை. பண்டை மன்னர் மானம் காக்க வடக்கிருந்து உண்ணாது உயிர் நீத்தனர். மேனேஜரோ ஃப்ரிட்ஜை நோக்கி இருந்தான், அதுவும் ஊரே கேட்கும் ஒப்பாரியோடு. அவ்வொப்பாரிக்கு மனம் இளகிவிடுமோ என்று தம்மையே அஞ்சிய பார்சல்காரர், தாம் அறிந்த ஒரே கலையால் அரண் அமைத்தார்: ஃப்ரிட்ஜுக்குக் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு, பிஸ்கட் டப்பாவுக்கு மூன்று சுற்று டேப், குப்பைத்தொட்டி மூடிக்கு இரட்டை முடிச்சு.

காலையில் துணைப்படையாக வந்து சேர்ந்த மைத்துனி, டீ போடப் பால் எடுக்கப் போய்த் திகைத்து நின்றாள்.

“அத்தான், ஃப்ரிட்ஜ எந்த ஊருக்கு அனுப்பப் போறீங்க?”

“மேனேஜர் கதவத் திறந்துடுவான்மா. உங்கக்கா பழக்கி வச்சுட்டா.”

“அவன் திறக்கிறது இருக்கட்டும், முதல்ல என்னால திறக்க முடியுதான்னு பாருங்க!”

முடியவில்லை. டீயின்றியே படை புறப்பட்டது.

கட்டிலடி என்னும் கோட்டைக்குள் மேனேஜர் நொச்சிப்பூச் சூடாமலே அரண் காத்தான். பார்சல்காரர் முற்றுகையிடுவோர் சூடும் உழிஞைப்பூவுக்குப் பதில் பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை அணிந்து, புதிதாய் வாங்கிய பிளாஸ்டிக் கூண்டைக் கேடயமாய் ஏந்தி, முழங்கால்கள் இரண்டும் முனக முன்னேறினார். மைத்துனி மறுபக்கமிருந்து துடைப்பம் ஓச்சினாள். கருமின்னல் ஒன்று வெளிப்பட்டது, கையுறை கிழிந்தது, கூண்டின் கதவு கழன்று உருண்டது, மறுகணம் பகைவேந்தன் அலமாரியின் உச்சியில் அமர்ந்து, மெல்லத் தன் காலை நக்கினான். பார்சல்காரரின் புறங்கையில் மூன்று கோடுகள் சிவந்தன. வாசலில் டாக்ஸி சங்கு முழங்கியது, முழங்கிக்கொண்டே இருந்தது.

“விடுங்கத்தான், அடுத்த வாரம் பாத்துக்கலாம்.”

“அடுத்த வாரம் அவன் இருக்கமாட்டான்மா.”

அவர் பார்வை கதவோரம் சென்றது. அங்கே இருந்தது ஓர் அட்டைப்பெட்டி. மனைவியின் புடவைகளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று மைத்துனி சொல்ல, அவரே அடுக்கி, அவரே கட்டி, அவள் எடுத்துப்போக வந்த போதெல்லாம் “கயிறு இன்னும் சரியா இறுகலம்மா” என்று நிறுத்தி வைத்த பெட்டி. திறந்த அட்டைப்பெட்டியைக் கண்டால் உள்ளே இறங்கிப் பார்க்காமல் இருக்க மேனேஜரால் ஆகாது. பார்சல் அலுவலில் கழிந்த வாழ்வு அவருக்கு அதை நன்கு உணர்த்தியிருந்தது.

தம் முடிச்சைத் தாமே வெட்டும் இழிவை அந்த மாவீரர் அன்று ஏற்றார். புடவைகள் கட்டிலுக்குப் போயின. அடியில் ஒன்று மிஞ்சியது: அவள் கடைசியாகக் கட்டியிருந்த நீலப் பருத்திப் புடவை, துவைக்காமலே மடித்து வைத்தது. அதன்மேல் கை வைத்தவர் எடுக்காமல் நின்றார்.

அலமாரி உச்சியில் மூக்கு ஒன்று அசைந்தது. மலை இறங்கியது; பெட்டியின் விளிம்பை முகர்ந்தது; உள்ளே குதித்து, நீலத்தின்மேல் சுற்றிச் சுற்றி வந்து, படுத்தது. அக்கணமே மூடின இதழ்கள் நான்கும்; அறுந்தது டேப் பல்லால்; பாய்ந்தது கயிறு நாற்புறமும்! மூச்சுத்துளைகளும் இட்டாயிற்று. பழக்க வேகத்தில் மேலே அம்புக்குறி வரைந்து ‘இந்தப் பக்கம் மேலே’ என்றும் எழுதிவிட்டார்.

மருத்துவமனையில் உதவியாளர் அம்முடிச்சோடு நெடும்போர் புரிந்தார். “சார், உள்ள பூனதானே இருக்கு? புலியக் கட்டின மாதிரி கட்டியிருக்கீங்க!” என்று கடைசியில் கத்திரிக்கோல் கேட்டார். பெட்டி திறந்தது. நறுநீரின் நெடி அறை முழுதும் பரவியது. பகைவேந்தன் தன் இறுதி எல்லைக்கல்லை நீலப் பருத்தியின் மடிப்புத்தோறும் நட்டிருந்தான்.

பின்னர் முரசிரண்டும் கைப்பற்றப்பட்டு, நாடு சுருங்கி, வீட்டுக்காரரின் ஸ்கூட்டர் அடிமை நீங்கி, தலை நிற்காது தள்ளாடிய மேனேஜர் புனல்போன்ற பிளாஸ்டிக் பட்டையைக் கழுத்தில் மகுடமெனத் தாங்கி, பார்சல்காரரின் மடியேறி வீடு புக, வாகை சூடி, வெற்றிமுழக்கம் விண்ணதிர வந்த அப்பெருவீரர், நேரே குளியலறைக்குச் சென்று வாளியில் நீர் நிறைத்தார்.

புடவையைத் துவைத்துக் கொடியில் போட்டார்.