ஒரு கோலுக்கு ஓர் ஆள்

மூன்று பக்கம் கடலும் நாலாவது பக்கம் யாருக்கும் வேண்டாத ஒரு மலையுமாக, வளைகரை என்றொரு நாடு இருந்தது. அந்த நாட்டில் மன்னரை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட மறுநாளே அவர் ஏழு தலைமுறையாக ஆண்டவரைப் போல மீசையைத் தடவ ஆரம்பித்துவிடுவார். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

இந்த முறை வந்த மன்னர், "நாட்டைப் பெரிதாக்குவேன்" என்று வாக்குக் கொடுத்து ஜெயித்தவர். மலைக்கு அப்பால் இருந்தவர்கள் ஒரு பிடி மண்கூடத் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கடலும் பின்வாங்க மறுத்தது. கடைசியில் அந்தப் பாரம் தேசியப் புவியியல் ஆய்வகத்தின் தலையில் விழுந்தது.

ஆய்வகத்தில் அஞ்சுகம் என்று ஒருத்தி இருந்தாள். சங்குக் குப்பத்து மீனவர்களில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். படிப்பில் தங்கப் பதக்கம் வாங்கியவள் என்பதால், அளவுகோலின் பின்முனையைப் பிடித்துக்கொள்ளும் பொறுப்பை அவளிடம் கொடுத்திருந்தார்கள். முன்முனையைப் பிடிக்கப் பெரிய வீட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். முன்முனைக்காரர்கள் படத்தில் விழுவார்கள்; பின்முனை சேற்றில் விழும்.

அந்த ஆண்டு கரையை அளக்கப் போனபோதுதான் வரலாறு திரும்பியது. இயக்குநர் சந்திரசூடர் சிற்றுண்டி சாப்பிட இடம் தேடி, இரண்டு பாறைகளுக்கு நடுவே கிடந்த மூங்கில் கோலின்மேல் உட்கார்ந்தார். கோல் நடுவில் முறிந்தது. புதுக் கோல் கேட்டுத் தலைநகருக்கு எழுதினார்கள். 'முறிந்த கோலும் கோல்தானே' என்று பதில் வந்தது. பாதிக் கோலாலேயே அளந்து முடித்தார்கள். பார்த்தால், போன ஆண்டைவிடக் கரை நீண்டிருந்தது.

சந்திரசூடருக்கு ஆனந்தக் கண்ணீர் வந்தது. "அம்மா அஞ்சுகம், கரை வளர்ந்துவிட்டது!"

"வளரல ஐயா. நீளக் கோல் பாறைக்குப் பாறை தாண்டிப் போயிடும். குட்டைக் கோல் நடுவுல இருக்கற வளைவு நெளிவுக்குள்ள எல்லாம் நுழைஞ்சு வரும். அதான் கணக்கு ஏறுது. கரை அதே கரைதான்."

"நீ பணிக்குப் புதியவள். வளர்ச்சியைக் கண்டால் முதலில் வணங்க வேண்டும். விளக்கம் பிறகு" என்றார் சந்திரசூடர்.

செய்தி கேட்டதும் மன்னர் சிங்காசனத்தை விட்டுக் குதித்தார். ஊரெங்கும் வாணவேடிக்கை. அடுத்த பருவத்தில் கோலை மறுபடி பாதியாக வெட்டினார்கள். கரை இன்னும் வளர்ந்தது. பக்கத்து நாட்டு அறிஞர்கள் வந்து பார்த்துவிட்டு, கையோடு கொண்டுவந்த தங்கள் நாட்டுக் கோல்களையும் இடுப்பில் செருகிய கத்தியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு திரும்பினார்கள்.

அங்கேயே நிறுத்தியிருந்தால் கதை இல்லை. வளர்ச்சித்துறை அமைச்சர் கோமகனார் ஒரு நாள் சபையில் எழுந்தார்.

"மன்னா! இத்தனை பாடுபட்டு வளர்த்த கரையை எவனாவது திருடிக்கொண்டு போனால்? ஒரு கோல் கரைக்கு ஓர் ஆள் வீதம் காவல் நிற்க வேண்டும். கொடி பிடித்து, சூரியன் உதித்தது முதல் அடையும் வரை. உட்காரக் கூடாது. நின்ற இடத்தை விட்டு நகரக் கூடாது. ஓர் ஆள் நிற்கும் இடத்தில் வேறு ஆள் நுழையக் கூடாது. இது தேசத் தொண்டு. ஆகவே கூலி கேட்பது தேசத்துக்கு இழுக்கு."

சட்டம் அன்றைக்கே வந்தது. கரைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் யார்? குப்பத்து மக்கள். அவர்கள்தான் நின்றார்கள். கோல் குட்டையாகக் குட்டையாக ஆள் கூடுதலாகத் தேவைப்பட்டது. வலை இழுக்கிறவர், கூடை சுமக்கிறவர், பல்லில்லாதவர் என்று எல்லாரும் கரையில் நின்றார்கள். கட்டுமரங்கள் மணலில் காய்ந்தன. மூன்று பக்கம் கடல் இருந்த நாடு, மலைக்கு அப்பாலிருந்து கருவாடு வாங்கித் தின்றது. அயல்நாட்டு வணிகம் வளர்ந்துவிட்டது என்று அதற்கும் ஒரு வாணவேடிக்கை விட்டார்கள்.

அப்போது நெத்திலிக் காலம். வருஷம் முழுக்கக் குப்பம் சாப்பிடுவது அந்தச் சில வாரத்து நெத்திலியை வைத்துத்தான். மீன் கரைக்குப் பக்கமாகவே வந்து பளபளவென்று திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. அஞ்சுகம் கோலின் பின்முனையோடு சங்குக் குப்பத்துக்கு வந்தபோது, அவள் அம்மா பூங்காவனம் கொடியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"வாடியம்மா பதக்கம்! உங்க ஆபீசு கோலு குட்டையாவ குட்டையாவ எங்க காலு வீங்குதுடி. மீனு என்னாண்ட வந்து, 'இன்னா பூங்காவனம், வரலியா'ன்னு கேக்குது. நான் இன்னா சொல்லட்டும்? தேசத்த புடிச்சிக்கினு கீறேன்னு சொல்லட்டா?"

"நான் சொல்லிட்டேம்மா. கேக்க மாட்டேங்கறானுங்க."

"நீ ஏன் அவனுங்களாண்ட தப்புன்னு சொல்ற? பெரிய மனுசன்கிட்ட தப்புன்னா கோவந்தான் வரும். பெருமைன்னு சொல்லு, ஓடியாருவான்."

அஞ்சுகத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த சபையில், பின்முனையைப் பிடிப்பவள் வாய் திறந்தாள். "மன்னா, கோலை ஒரே ஒரு சாணாக்கிட்டா, உலகத்துலேயே பெரிய கரை நம்மதுதான்."

சபை அதிர்ந்தது. மன்னர் தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி, அவளிடம் நீட்டி, யோசித்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

"ஆனா ஒரு சின்னச் சிக்கல்" என்றாள் அஞ்சுகம். "உலகத்துப் பெரிய கரையில முதல் இடத்துல நிக்கிறது எவ்வளவு பெரிய கௌரவம்! அதைப் போய்க் குப்பத்துக்காரங்க அனுபவிக்கிறாங்க. இந்தக் கரையை அரண்மனைக்கு ஓவியமா வரைஞ்சா, எங்கம்மா, மீன் விக்கிறவ, நடுவுல நிப்பா. அமைச்சர் பெருமான் எங்க நிப்பாரு? ஓரத்துலயா?"

கோமகனார் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "ஓரத்திலா? நானா? பதவி வரிசைப்படி நிற்பதுதான் முறை! மன்னருக்கு அடுத்து நான்!"

"அப்படியானால் எனக்கு அடுத்துதான் கருவூல அதிகாரி!" என்று கத்தினார் சந்திரசூடர். அதற்குப் பிறகு சபையில் நடந்தது வரிசைச் சண்டை. கடைநிலை எழுத்தர்வரை ஒருவர் விடாமல் இடம் பிடித்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை சங்குக் குப்பத்துக் கரை பட்டும் ஜரிகையுமாக மின்னியது. குப்பத்து மக்களை மரியாதையாக விலகச் சொன்னார்கள். ஓவியர் வந்தார், வரைந்தார், போனார். அப்புறம்தான் கோமகனாருக்குத் தன் சட்டம் நினைவுக்கு வந்தது: சூரியன் அடையும் வரை நகரக் கூடாது. ஒரு சாண் இடத்தில் ஒரு கால்தான் கொள்ளும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. மன்னரோடு சேர்ந்து அமைச்சரவை முழுவதும் கொக்குகளைப் போல ஒற்றைக் காலில் நின்றது. அசல் கொக்குகள் இரண்டு வந்து, அவமானப்பட்டுப் பறந்துபோயின.

மக்களுக்கு நிற்க இடமில்லை. ஆள் இருக்கும் இடத்தில் நுழைவது குற்றம். வேறு வழியில்லாமல் அவர்கள் கடலுக்குக் கிளம்பினார்கள்.

பூங்காவனம் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "கொஞ்சம் கால தூக்கு சாமி, மரம் போவணும்."

"இருப்பதே ஒரு கால்தானம்மா" என்றார் கோமகனார். அவர் ஆட்சியில் சொன்ன முதல் உண்மை அதுதான்.

உச்சி வெயிலுக்குள் சந்திரசூடருக்கு ஞானம் வந்துவிட்டது. "மன்னா! புதிய கண்டுபிடிப்பு! கரையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே கோல். செய்யக்கூட வேண்டாம், அறிவித்தால் போதும். மொத்தக் கரையும் ஒரே கோல்!"

"கரை சுருங்கிவிட்டது என்று சொல்ல மாட்டார்களா?" என்று மன்னர் காலை மாற்றிக்கொண்டே கேட்டார்.

"கோல் வளர்ந்திருக்கிறது என்போம், மன்னா."

அன்று மாலையே கோல் வளர்ந்ததற்கு வாணவேடிக்கை விட்டார்கள். ஆனால் சட்டம் சட்டம்தானே. ஒரு கோலுக்கு ஓர் ஆள் கட்டாயம். அந்த ஓர் ஆள் யார்? பதவி வரிசைக்காகச் சண்டை போட்டவர்கள் எல்லாரும் திடீரென்று அடக்கத்தின் வடிவமானார்கள். தேர்தல் அறிவித்தார்கள். ஒருவரும் மனுத் தாக்கல் செய்யவில்லை. யாரும் மனு கொடுக்காவிட்டால் நாட்டில் கடைசியாக வந்த மனுவே செல்லும் என்று சட்டத்தில் இருப்பதை அஞ்சுகம் பணிவோடு எடுத்துக் காட்டினாள். அது மன்னருடையது.

வளைகரையின் வரலாற்றில் முதல் தடவையாக நூற்றுக்கு நூறு ஓட்டு விழுந்தது.

ஓட்டு எண்ணி முடித்த மறுநாள் மன்னர் கொடியோடு கரையில் நின்றார். குடை பிடிக்க ஆள் இல்லை. ஓர் ஆளுக்கு மேல் நின்றால் குற்றம். மத்தியானம் பூங்காவனத்தின் கட்டுமரம் கரையோரம் வந்தது. வலை முழுக்க வெள்ளி. மன்னர் வெகுநேரம் எட்டி எட்டிப் பார்த்தார். கடைசியில், ஆட்சிக்கு வந்து முதல் தடவையாக, ஒரு குடிமகளிடம் கேள்வி கேட்டார்.

"அது என்ன மீன், அம்மா?"

"நெத்திலி ராசா."

"எவ்வளவு நீளம் இருக்கும்?"

பூங்காவனம் ஒரு மீனை வாலைப் பிடித்துத் தூக்கினாள். தண்ணீரில் நின்று கட்டுமரத்தின் பின்முனையைப் பிடித்திருந்த மகளை ஒரு பார்வை பார்த்தாள்.

"எந்தக் கோலால சொல்லட்டும், ராசா?"